வில்பத்து: ஜீப் நிற்காத இடங்கள்

வில்பத்துக்கு நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் அரை நாள், இரண்டாந்தரம் முழு நாள். முதல் தரம் சிறுத்தை கண்டோம், இரண்டாந்தரம் காணவில்லை. ஆனாலும் யாராவது "வில்பத்து எப்பிடி?" என்று கேட்டால் நான் கதைக்கத் தொடங்குவது இரண்டாவது பயணத்தைப் பற்றித்தான். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

போக நினைக்கிற ஆக்களுக்கான விபரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குள் போக முக்கியமான வாசல்கள் இரண்டு. அனுராதபுரம் - புத்தளம் வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் ஹுனுவிலகம வாசல் வரும். பெரும்பாலான சனம் போவது இதால்தான். மற்றது புத்தளத்துக்கு வடக்கே எழுவன்குளம். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், மாலை ஆறுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். காலை அரை நாள், பின்னேரம் அரை நாள், முழு நாள் என்று மூன்று விதமாக ஜீப் பிடிக்கலாம். ஜீப் வாடகை வேறு, நுழைவுச்சீட்டு வேறு. எங்களுக்கு நுழைவுச்சீட்டு மலிவு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. எங்களோடு வந்த கனடா மச்சாள் "நானும் இணுவில்தான்" என்று எவ்வளவு சொல்லியும் கவுண்டரில் எடுபடவில்லை. அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். இரவு தங்க விரும்பினால் உள்ளே வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்கள் இருக்கின்றன, முன்கூட்டியே பதிய வேண்டும். ஒருசில இடங்களைத் தவிர ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது.

முதல் தரம் நாங்கள் ஒன்பது பேர் யாழ்ப்பாணத்திலிருந்து நடுச்சாமத்தில் வான் பிடித்து, விடிய ஹுனுவிலகமவில் நின்றோம். இரண்டு ஜீப். அரை நாள். மான், மயில், முதலை, ஒரு தனி யானை. பத்து மணிபோல் முன்னுக்குப் போன ஜீப்பிலிருந்து தகவல் வர, எங்கள் ட்ரைவர் திடீரென்று வேகம் பிடித்தார். "கொட்டியா, கொட்டியா!" என்றார். ஜீப்பில் ஒரு அரை செக்கன் எல்லாரும் அமைதியாகிவிட்டோம். பிறகு சிரித்தோம். சிங்களப் பேச்சுவழக்கில் சிறுத்தையையும் கொட்டியா என்பார்கள். எங்கள் காது அந்தச் சொல்லைப் பழகியது சோதனைச் சாவடிகளில். மிருகத்துக்கும் அதுதான் பெயர் என்பது எங்களில் சிலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சிறுத்தை ஒரு மரத்தடியில் படுத்திருந்தது. எங்களோடு சேர்த்துப் பதினொரு ஜீப். எல்லாரும் போட்டோ எடுத்தோம். அது கொட்டாவி விட்டுவிட்டு எழும்பிப் போனது. வீடு திரும்பினோம்.

வந்த பிறகு போட்டோக்களுக்கு இடத்தின் பெயர் போடுவதற்காக வரைபடத்தைப் பார்த்தபோதுதான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. பணிக்கர் வில்லு, காளி வில்லு, பொம்பரிப்பு, குதிரைமலை, பூக்குளம், பள்ளக்கண்டல். நடுவில் சிங்களப் பெயர்களும் நிறைய: நெலும் வில, கும்புக் வில, கொக்மொட்டை. மனுசர் இல்லாத காட்டில் இடங்களுக்கு இத்தனை பெயர் எங்கிருந்து வரும்? குளத்தில் தண்ணி அள்ளினவர்கள், மாடு மேய்த்தவர்கள், யானை பிடித்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. ஜீப்பில் ஐந்து மணித்தியாலம் இருந்தோம், ஒருவரும் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லைத்தானே.

வில்லு என்றால் என்ன என்பதை மட்டும் ட்ரைவர் சொல்லியிருந்தார். மழைத் தண்ணி தேங்கி நிற்கும் இயற்கையான பள்ளம் அது. கட்டின குளம் இல்லை, ஆறு வந்து நிரப்புவதும் இல்லை. சிலது நன்னீர், சிலது உவர். மாரியில் விரியும், கோடையில் சுருங்கும். வெயில் காலத்தில் மிருகங்கள் தண்ணிக்கு இதைத் தேடித்தான் வரும், அதனால்தான் ஜீப்புகளும் வில்லிலிருந்து வில்லுக்கு ஓடுகின்றன. பெயரின் பின்பாதியைப் 'பத்து' என்று எண்ணாக எடுத்துப் பத்து வில்லுகள் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது 'பற்று' என்றே படுகிறது, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று மாதிரி. பற்று என்பது நிர்வாகப் பிரிவு. ஆள் இருந்து வரி கொடுத்த இடத்துக்கு வருகிற பெயர்.

பணிக்கர் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. வன்னியிலும் கிழக்கிலும் காட்டு யானை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட முஸ்லிம்களைப் பணிக்கர் என்று சொன்னார்கள். கயிற்றுக் கண்ணியும் கால்நடையுமாகப் போய் யானையை மரத்தில் கட்டுகிற ஆக்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானை ஏலம் நடந்தது, இந்தியாவிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். இன்றைக்குத் தூரத்து யானையைப் பார்க்க நாங்கள் காசு கட்டும் காடு, ஒரு காலத்தில் யானை பிடிப்பவர்கள் தொழில் செய்த காடு.

ஒன்றரை வருசம் கழித்து நாங்கள் நாலு பேர் திரும்பப் போனோம். இந்த முறை எழுவன்குளம் வாசல், முழு நாள். ஜீப் ஓட்டினவர் புத்தளத்து முஸ்லிம் ஒருவர், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். நானா என்றே கூப்பிட்டோம். கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தைத் தாண்டியதும் பூங்கா தொடங்குகிறது. மழை காலத்தில் ஆறு பெருகினால் அந்தப் பாலத்துக்கு மேலால் தண்ணி பாயும். தாண்டினதும் நேரே வடக்கே போகிற பாதை புத்தளம் - மன்னார் பழைய வீதி. பூங்கா வருவதற்கு எவ்வளவோ முதலே சனம் போய் வந்த கரையோரப் பாதை இது. போருக்குப் பிறகு இதைத் திரும்பத் திறந்தபோது சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. மன்னார் தெற்குச் சனத்துக்கோ இதை விட்டால் அனுராதபுரம் சுற்றித்தான் புத்தளம் போக வேண்டும்.

பொம்பரிப்பு இந்தப் பாதையில்தான் வருகிறது. பொன் பரப்பின மாதிரி நெல் விளைந்த வெளி என்று பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். இப்போது புல்வெளியும் பற்றையும் மான் கூட்டமும். இந்த மண்ணுக்குக் கீழே பெரிய மண் தாழிகளில் இறந்தவர்களின் எலும்புகளை இட்டுப் புதைத்த இரும்புக்கால இடுகாடு ஒன்று இருக்கிறது. 1970இல் தொல்லியல் திணைக்களமும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் சேர்ந்து இங்கே தோண்டினார்கள். அதற்கு முன்பும் சின்னச் சின்னத் தோண்டல்கள் நடந்திருக்கின்றன. கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இதை ஒப்பிடாத ஆய்வாளர் குறைவு. இரண்டு இடத்துக்கும் நடுவில் இருப்பது மன்னார் வளைகுடா மட்டும்தான்.

"அப்ப இது தமிழாக்கள்ர சுடுகாடோ?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். அப்படிச் சொல்லிவிட எங்களுக்கு ஆசைதான். ஆனால் தாழிக்குள் இருந்தவர்கள் என்ன பாஷை கதைத்தார்கள் என்று எலும்பு சொல்லாது. அதே மாதிரி, இந்தக் கரையில்தான் விஜயன் வந்து இறங்கினான், காளி வில்லில் கிடக்கும் கற்கள் குவேனியின் மாளிகை என்று சொல்பவர்களுக்கும் கையில் இருப்பது நம்பிக்கைதான். தாழி வைத்துப் புதைக்கிற வழக்கம் கடலின் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது, சனம் போய் வந்திருக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது.

மத்தியானம் குதிரைமலை. இறங்க விடுகிற இடங்களில் இதுவும் ஒன்று. செம்மண் மேடு அப்படியே கடலுக்குள் இடிந்து விழுகிற மாதிரி நிற்கும். கை வைத்தால் கை சிவக்கும். மகாவம்சத்தில் விஜயனின் ஆக்கள் மண்ணில் கையூன்ற, கை செப்பு நிறமானதால் அந்த இடத்துக்குத் தம்பபண்ணி என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. அதை இங்கே கொண்டுவந்து பொருத்துவது இந்த மண்ணால்தான். தமிழ்ச் சனத்தின் கதையில் இது அல்லி அரசாணியின் கோட்டை. இன்னும் பழைய சாட்சி ஒன்று ரோமிலிருந்து வருகிறது. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதியதன்படி, அன்னியஸ் புளோகாமஸ் என்ற வரி அதிகாரியின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டு ஹிப்புரோஸ் என்ற துறைமுகத்தில் வந்து ஒதுங்கினான். அரசன் அவனை உபசரித்துக் கதை கேட்டான், பிறகு கிளாடியஸ் சக்கரவர்த்தியிடம் நாலு தூதர்களை அனுப்பினான். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. அதனால்தான் பலரும் அந்தத் துறைமுகத்தைக் குதிரைமலை என்று அடையாளம் காண்கிறார்கள்.

நானா கரையோரமாக வடக்கே கையைக் காட்டினார். மோதரகம் ஆறு கடலில் விழுகிற பக்கம். "அங்கால முள்ளிக்குளம். அதுக்கங்கால மறிச்சுக்கட்டி. வாப்பாட ஊரு."

மறிச்சுக்கட்டி என்ற பெயரை நான் லெனாட் வுல்ஃபின் சுயசரிதை பற்றி வாசித்தபோது கண்டிருந்தேன். 1906இல் யாழ்ப்பாணத்தில் இளம் அதிகாரியாக இருந்த வுல்ஃபை முத்துக்குளிப்பை மேற்பார்க்க அங்கேதான் அனுப்பினார்கள். வெறும் மணல் கரையில் சில கிழமைக்குள் ஒரு நகரமே எழும்பும். அரபிகள், தமிழர், முஸ்லிம் சுழியோடிகள், செட்டிமார், பொலிஸ், ஆஸ்பத்திரி. பல்லாயிரம் பேர். சிப்பி அழுகுகிற நாற்றம். பருவம் முடிந்ததும் அத்தனையும் கலைந்துபோகும். அடுத்த சில வருசத்தில் முத்துப்படுகையும் கைவிட்டது. கரை திரும்ப அமைதியானது. இன்று சபாரிக்குப் போகிறவனுக்கு அந்த அமைதி ஆதியிலிருந்தே இருந்ததுபோலத்தான் தெரியும்.

காடு 'பூங்கா' ஆன கதைக்கு வருவோம். 1894இல் இலங்கையில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள். துரைமார் சுடுவதற்கு மிருகம் தீர்ந்துபோகக் கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது. 1905இல் வில்பத்து சரணாலயம் ஆனது. 1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1938 பெப்ரவரியில் யாலவும் வில்பத்துவும் நாட்டின் முதலாவது தேசிய பூங்காக்கள் ஆயின. பிறகு பல தடவையாகப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து இன்றைக்கு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். இதெல்லாம் நடந்திருக்காவிட்டால் இன்றைக்குச் சிறுத்தையும் இல்லை, கரடியும் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேன் எடுக்க, விறகு பொறுக்க, சேனை வெட்டக் காட்டுக்குள் போன கிராமத்தவனைச் சட்டம் ஒரே நாளில் களவாளி ஆக்கியது. கரையில் பூக்குளம் என்ற மீனவக் குடியிருப்பும் பள்ளக்கண்டல் அந்தோனியார் கோவிலும் இன்றும் பூங்காவுக்குள்தான் இருக்கின்றன. பெருநாளுக்குச் சனம் அனுமதியோடு உள்ளே போகிறது.

அடுத்தது நாங்கள் கதைக்க விரும்பாத பகுதி. 1985 மே 14ஆம் திகதி விடுதலைப் புலிகள் அனுராதபுரத்தில் பஸ் நிலையத்திலும் ஸ்ரீமகாபோதியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு வில்பத்துக் காட்டுக்குள் போய் அங்கே இருந்த சிங்களவர்களையும் கொன்றார்கள். போரால் நீண்ட காலம் மூடிக்கிடந்த பூங்கா, சமாதான காலத்தில் 2003 மார்ச்சில் திறந்தது. அந்த வருடத்துக்கான கிரேஷியன் விருது, எழுத்தாளர் நிஹால் டி சில்வாவின் 'த ரோட் ஃப்ரொம் எலிஃபன்ட் பாஸ்' என்ற ஆங்கில நாவலுக்குக் கிடைத்தது. ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்ணும் உயிர் தப்ப வில்பத்துக் காட்டுக்குள்ளால் சேர்ந்து நடக்கிற கதை அது. 2006 மே மாதம் நிஹால் நண்பர்களோடு வில்பத்துக்கு வந்தபோது அவர்களின் வாகனம் கண்ணிவெடியில் சிக்கியது. அவரோடு இன்னும் ஆறு பேர் செத்தார்கள். பூங்கா திரும்ப மூடப்பட்டு, போர் முடிந்த பிறகு 2010இல்தான் திறந்தது.

இதற்கு நடுவில் 1990 ஒக்டோபர். வடக்கின் ஐந்து மாவட்டத்திலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம் என்றால் மற்ற இடங்களில் சில நாள். மன்னார்த் தீவுச் சனம் படகில் கற்பிட்டிக்கு வந்தது. முசலிப் பக்கத்துச் சனமும் புத்தளத்து அகதி முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. நானா பிறந்தது அப்படி ஒரு முகாமில்.

"வாப்பா வரும்போது திறப்பைக் கையில கொண்டு வந்தாரு. கொஞ்ச நாள்ல போயிருவம் எண்டுதான் நெனச்சிருக்காங்க. இருபது வருசம்."

ஜீப்பில் இருந்த நாங்கள் நாலு பேரும் யாழ்ப்பாணத்து ஆக்கள். 1990இல் எங்களில் ஒருவரும் பிறக்கவில்லை. அதைச் சொல்லித் தப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது, உண்மையாகவே. யாரும் சொல்லவில்லை. நானா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன செய்ய, தம்பி" என்று தண்ணிப் போத்தலை நீட்டினார். அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது.

இருபது வருசம் ஆளில்லாத ஊரில் காடு என்ன செய்யும்? வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் வளரும். 2009க்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளிப் பக்கத்தில் பழைய காணிகள் பெருங்காடாகிக் கிடந்தன. 2012இல் அந்தப் பக்கத்துக் காடுகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடுகள் ஆயின. வெட்டிக் குடியேறியதும் 2015 அளவில் 'வில்பத்துவைக் காப்பாற்று' என்று பெரிய பிரசாரம் எழும்பியது. பேஸ்புக்கில் நாங்களும் அந்தப் படங்களைப் பகிர்ந்திருக்கிறோம். இதில் ஒரு விசயம் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தக் குடியேற்றங்கள் மோதரகம் ஆற்றுக்கு வடக்கே இருக்கின்றன. தேசிய பூங்காவின் எல்லை ஆற்றோடு முடிகிறது. அதே நேரம் இன்னொன்றும் உண்மை. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு ஒதுக்கக் காட்டை வெட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீனின் செலவில் திரும்ப மரம் நட உத்தரவிட்டது. துரத்தப்பட்ட சனத்துக்கு ஊருக்குத் திரும்ப உரிமை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி நடந்த எல்லாக் காடழிப்பும் நியாயமாகிவிடாது. பேஸ்புக்கில் இந்த இரண்டையும் ஒரே ஆள் சொல்லி நான் காணவில்லை. நானா சொன்னார்: "காடு இல்லாட்டி எனக்குத் தொழில் இல்ல. ஊர் இல்லாட்டி நான் யாரு?"

அவர் முதலில் காட்டிய முள்ளிக்குளம் தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம். 2007 செப்ரெம்பரில் இராணுவ நடவடிக்கையோடு அந்தச் சனத்தை எழுப்பினார்கள். மூன்று நாளில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டதாக அவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஊர் கடற்படை முகாமாகியது. பக்கத்துக் காட்டோரம் கொட்டில் போட்டுக் கிடந்தவர்கள் 2017இல் வீதியில் இருந்து போராடிய பிறகு, ஒரு பகுதிக் காணியை விடக் கடற்படை ஒப்புக்கொண்டது. அந்த முகாமுக்காகக் காட்டில் என்ன வெட்டுப்பட்டது என்று எந்தப் பிரசாரமும் கேட்கவில்லை. முஸ்லிம் வெட்டினால் காடழிப்பு, கடற்படை இருந்தால் பாதுகாப்பு.

போக வெளிக்கிடுகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசினைதான். காசு கட்டுப்படியானால் முழு நாள் எடுங்கள், எழுவன்குளத்தால் போங்கள். ஏறும்போதே "குதிரைமலைக்குப் போக வேணும், பொம்பரிப்பில் கொஞ்சம் நிற்பாட்ட வேணும்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சிறுத்தை தேடி வில்லு வில்லாகத்தான் ஓடுவார்கள், மற்ற ஆக்கள் கேட்பது அதைத்தானே. ட்ரைவருக்கு எந்த ஊர் என்று கேளுங்கள். அந்த ஊருக்கு எப்போது வந்தார்கள் என்றும் கேளுங்கள்.

ஐந்தே முக்காலுக்கு சப்பாத்துப் பாலத்தைத் தாண்டினோம். வாசலில் சீட்டைக் காட்டிக் கையெழுத்து வைத்துவிட்டு நானா எங்களை வானடியில் இறக்கினார். வாடகையை எண்ணிப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் வைத்தார். "அடுத்த முறை அந்தப் பக்கத்தால வாங்க. மறிச்சுக்கட்டியில சாச்சாட வீடு இருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். இன்னும் போகவில்லை. நம்பர் போனில் இருக்கிறது.